ப்ராக் கடிகாரத்தில் சூரியன் ஒரு ராசி முன்னால் நிற்பது ஏன்?

கேள்வி: ஜூன் 5 அன்று செக் நாட்டின் ப்ராக் நகரிலுள்ள வானியல் கடிகாரத்தைப் பார்த்தோம். அதில் சூரியன் மிதுனத்தில் நின்றது. நம் பஞ்சாங்கமோ வைகாசி, ரிஷபம் என்கிறது. கடிகாரம் தவறா? அதிலுள்ள மூன்று வகை எண்களில் எதைப் பார்த்து மணி அறிவது?

பதில்: இரண்டும் சரியே, அளக்கத் தொடங்கும் புள்ளிதான் வேறு. 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கடிகாரத்தின் ராசி வளையம் சாயன முறையைப் பின்பற்றுவது. அதாவது, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதச் சமஇரவு நாளில் சூரியன் நிற்குமிடமே அதில் மேஷத்தின் தொடக்கம். நம் பஞ்சாங்கமோ விண்மீன்களை ஆதாரமாகக் கொண்ட நிராயன முறையில் கணிக்கப்படுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் சமஇரவுப் புள்ளி சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்ந்து, இன்று இரு முறைகளுக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு உண்டாகியிருக்கிறது. எனவே கடிகாரம் காட்டும் சூரியனின் இடத்திலிருந்து 24 பாகையைக் கழித்தால் பஞ்சாங்க ராசி கிடைத்துவிடும். ஜூன் 5இல் அது ரிஷபத்திலேயே விழும்.

சூரியன் ராசிகளைக் கடப்பதைக் காட்டும் உத்தி வியக்கத்தக்க அளவு எளியது. 365 பற்கள் கொண்ட சக்கரம் ராசி வளையத்தையும், 366 பற்கள் கொண்ட சக்கரம் சூரியனைத் தாங்கிய முள்ளையும் சுழற்றுகின்றன. இரண்டையும் ஒரே அச்சிலுள்ள, சம எண்ணிக்கைப் பற்கள் கொண்ட சிறிய பற்சக்கரங்கள் இயக்குவதால், சூரியன் 365 சுற்று வருவதற்குள் வளையம் 366 சுற்று முடித்துவிடுகிறது. அந்த ஒரு சுற்று வேறுபாடே சூரியனின் ஓராண்டுப் பயணம். உண்மையான ஆண்டு 365 நாளைவிடக் கால் நாள் அளவு நீளமானது என்பதால், இந்தக் கணக்கை அவ்வப்போது கையால் திருத்த வேண்டியிருக்கும்.

மணி அறியப் பொன்முள் காட்டும் ரோமன் எண்களைப் பாருங்கள். அவற்றுக்கு வெளியே, பழைய எழுத்துருவில் 1 முதல் 24 வரையுள்ள வளையம் சூரிய அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணும் பழைய செக் வழக்கத்துக்கு உரியது; அஸ்தமன நேரம் பருவந்தோறும் மாறுவதால் அவ்வளையமும் முன்னும் பின்னுமாக நகர்கிறது. பகற்பகுதியிலுள்ள 1 முதல் 12 வரையான எண்கள், சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையான பொழுதை எப்போதும் பன்னிரண்டாகப் பகுப்பவை. ராகுகாலத்துக்காகப் பகற்பொழுதை எட்டாகப் பகுக்கும் நமக்கு இது புதிதன்று. ஆனால் ப்ராக் வடக்கே வெகுதூரத்தில் இருப்பதால், அந்த 'மணி' டிசம்பரில் சுமார் 40 நிமிடமாகச் சுருங்கி, ஜூனில் சுமார் 80 நிமிடமாக நீள்கிறது.

இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலரின் பொம்மைகள் வலம் வருவதைக் காணக் கூடும் கூட்டம் இந்த முகப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அடுத்த முறை செல்லும்போது, பொம்மைகள் ஓய்ந்து கூட்டம் கலைந்தபின், பாதி வெள்ளியும் பாதி கருமையுமாகத் திரும்பிப் பிறை காட்டும் நிலவு உருண்டையை நிதானமாகப் பாருங்கள்.