எடுத்தேன் என்றார்

அன்புள்ள சார்,

ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாத் தீவில், ஹோபார்ட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். போன வருடம் மாமியார் தவறிவிட்டார். அவருடைய பீரோவைக் காலி செய்தபோதுதான், இவர்களின் முன்னோர் ஒருவர் 1835ல் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர் என்று தெரிந்தது. ஒரு கோட்டும் ஒரு ஜோடி பூட்ஸும் திருடியதற்கு ஏழு வருடம். வந்தபோது வயது 19. பிறகு இங்கேயே யாரையோ கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். மாமியார் ஒரு நாளும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பசிக்காகத்தான் திருடியிருப்பார், ஒருவேளை நிரபராதியாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை உறுதிசெய்ய வழி உண்டா? என் பத்து வயது மகன் பள்ளிக்காகக் குடும்ப வரலாறு எழுதவேண்டும். திருடன் என்று எழுதச் சொல்லலாமா? ஊரில் அம்மாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

மீ.

அன்புள்ள மீ.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போன மாதம் எங்கள் வீட்டு ட்ரங்க் பெட்டியில் ஒரு பழைய தபால் கார்டு கிடைத்தது, அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றிய பயத்தை விடுங்கள். அம்மாக்கள் இதைவிடப் பெரியதெல்லாம் கேட்டு ஜீரணித்தவர்கள். மகன் விஷயமும் அப்படித்தான், கோட்டும் பூட்ஸும் திருடினார் என்று எழுதட்டும். கூடவே, அவர் வந்திறங்கிய சமயத்தில் அந்தத் தீவின் பூர்வகுடிகளில் மிஞ்சியிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஃபிளிண்டர்ஸ் தீவில் வைத்திருந்தார்கள் என்பதையும் எழுதட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

நிரபராதி என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இன்று அவர்கள் வம்சத்தில் யாரைக் கேட்டாலும் அவரவர் முன்னோர் பசிக்கு ஒரு ரொட்டி எடுத்தவர். எல்லோருமா ரொட்டி எடுத்தார்கள்? இங்கிலாந்தில் டோல்பட்டில் என்ற கிராமத்து விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்து ரகசியப் பிரமாணம் எடுத்ததற்காக 1834ல் நாடுகடத்தப்பட்டார்கள், உண்மை. ஆனால் அவர்கள் ஆறு பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் திருடியவர்கள்தான். துணி, கடிகாரம், ஆடு, கைக்குட்டை. குறைந்தது பாதிப் பேருக்கு அது முதல் தண்டனையும் இல்லை.

சட்டம் கொடூரமானது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. 1836 வரை இங்கிலாந்தில் இதுபோன்ற வழக்குகளில் கைதியின் வக்கீல் ஜூரியைப் பார்த்து வாதாடவே முடியாது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். உங்கள் ஆள் தன் கதையைத் தானேதான் சொல்லியிருக்கவேண்டும், பத்தொன்பது வயதில், அந்தக் கூண்டில் நின்றுகொண்டு. ஏழு வருடம் முடிந்தால் விடுதலை, ஆனால் ஊர் திரும்பக் கப்பல் கூலியை அரசாங்கம் தராது. எனவே ஏழு வருடம் என்பது அநேகமாக ஆயுளுக்கும்தான். இந்தக் கொடுமை கொடுமையாக இருப்பதற்கு அவர் உத்தமராக இருந்தாகவேண்டுமா? திருடியவனுக்கு இதைச் செய்தாலும் கொடுமைதானே? அவரை நிரபராதி ஆக்கினால்தான் உங்களால் அவருக்காக இரங்க முடியும் என்றால், அந்த இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடுமையாகச் சொல்கிறேன், தெரியும். அவருக்காகத்தான் சொல்கிறேன்.

சரி, வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே. டாஸ்மானிய ஆவணக் காப்பகத்தில் கைதிகளின் நடத்தைப் பதிவேடுகள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். கப்பல் வந்ததும் கைதிகளை ஒவ்வொருவராக விசாரித்து எழுதிய பக்கங்கள் அவை. எதற்காக அனுப்பப்பட்டான், சிறையில் எப்படி நடந்துகொண்டான், கரையோரம் நின்ற பழைய கப்பல் சிறையில் எப்படி இருந்தான் என்று நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டே போய், அடுத்து கைதி தன் வாயால் சொன்னதை எழுதுவார்கள். எதைத் திருடினேன், அதற்கு முன் எதற்காக எத்தனை மாதம் உள்ளே இருந்தேன், கல்யாணம் ஆனவனா இல்லையா. நீங்கள் நிரூபிக்க நினைப்பதை அவரே ஒருவேளை மறுத்து வைத்திருப்பார்.

எங்கள் பெரியப்பா ஒரு சொசைட்டியில் கணக்கு எழுதினார். பணம் குறைந்தது. இரண்டு வருடம் ஜெயில். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள், நானும் பள்ளியில் அப்படியே சொன்னேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவர் படம் காணாமல் போய், அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்கக் காலண்டர் மாட்டினார்கள். திரும்பி வந்தபின் அவர் இருபது வருடம் எங்களோடு இருந்தார், ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா மட்டும் எங்களிடம் தனியாக, "அவர் எடுக்கல, மாட்டிவிட்டாங்க" என்பாள். கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்த வருடம் திண்ணையில் வைத்து நான் அவரிடமே கேட்டுவிட்டேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "எடுத்தேண்டா" என்றார். எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வெட்டிய பாக்கில் இரண்டு துண்டை என் கையில் வைத்தார்.

ட்ரங்க் பெட்டியில் கிடைத்த கார்டு அவர் சிறையிலிருந்து எழுதியது. மேலே ஊதா மையில் சிறை முத்திரை. உள்ளே, செவலை கன்று போட்டதா, கிடேரியா காளையா, குடையை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன், மழைக்கு முன் வாங்கிவிடவும். இவ்வளவுதான். அந்தக் கார்டை வீட்டில் யாரும் உரக்கப் படித்ததாக எனக்கு நினைவில்லை. குடையை வாங்கினார்களா என்றும் தெரியாது. மாட்டிவிடப்பட்ட உத்தமர் ஒருவரும் வடக்கே போன ஒருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். குடையைப் பற்றிக் கவலைப்பட்ட மனுஷனை நாங்கள் தொலைத்துவிட்டோம். உங்கள் மாமியார் வாய் திறக்காததற்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள். வான் டீமன்ஸ் லேண்ட் என்ற பெயரில் கைதிகளின் வாடை அடித்ததால் அந்தத் தீவே 1856ல் பெயரை மாற்றிக்கொண்டு டாஸ்மானியா ஆயிற்று. தீவே செய்ததை ஒரு பெண் செய்தார்.

அப்புறம், அங்க அடையாளப் பட்டியலையும் பாருங்கள். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது. செருப்பில்லாமல் உயரம் எத்தனை அடி, எத்தனை அங்குலம், நிறம், தலை, முடி, மீசைதாடி, நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், முகவாய், பச்சை குத்தியது, தழும்பு. ராஜாக்களுக்குக்கூட மூக்கை இவ்வளவு பார்த்து எழுதியதில்லை. நடத்தைப் பக்கத்தில் பிறகு வருவதையும் விடாதீர்கள். எசமானிடம் எதிர்த்துப் பேசினான், சொல்லாமல் வெளியே போனான், குடித்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் எதிரே கசையடி எத்தனை, தனியறை எத்தனை நாள். இந்தச் சின்னச் சின்னக் குற்றங்களில்தான் அவர் கோபமும் சபலமும் நமக்குத் தெரியவரும்.

இன்னொன்று. "யாரையோ கல்யாணம் செய்துகொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரையோவா? கடிதம் முழுக்க அவர் கோட்டைத் துவைக்கிறீர்கள், உங்கள் மகனுக்கு அதே அளவு ரத்தம் கொடுத்தவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை! நாடுகடத்தப்பட்டவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். அவளும் கைதியாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு. மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி வெயிலே படாத ஈர இடம், கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்த இடம். இன்றும் அதன் மதில்கள் நிற்கின்றன, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கைதியாக இருந்தால் கல்யாணத்துக்கு அரசாங்க அனுமதி வாங்கியிருப்பார்கள், அந்த விண்ணப்பப் பதிவும் காப்பகத்தில் உண்டு. 1838 டிசம்பரிலிருந்து அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதில் தொடங்குங்கள்.

ஒரே பெயரில் நாலைந்து பேர் வருவார்கள், குழம்பாதீர்கள். கைதியை அந்தக் காலத்தில் பெயரோடு கப்பலையும் சேர்த்துத்தான் குறிப்பார்கள். அவள் எந்தக் கப்பலில் வந்தாள் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், மூக்கு எப்படி என்றும் சேர்த்து.