லண்டன் எல்.எல்.பி.க்கு முற்பணம் கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா நீளமான குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். மகளுக்கு உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறுதான், ஆனால் அரச பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்கு இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) போதவில்லை. பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்காமல் கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் பயிலுநராகப் போனாள். சாதாரண சனத்துக்குச் சட்ட உரிமைகளை விளங்கப்படுத்தும் குறும்படங்கள் எடுக்கிற வேலை. இப்போது அதை விட மனமில்லை, அதிலேயே தொடரப் போகிறேன் என்கிறாள். ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பா தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் லண்டன் எல்.எல்.பி.க்கு, அதாவது இங்கேயிருந்தே படிக்கிற லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்துக்கு, சேர்க்கச் சொல்கிறார், முதல் வருடக் காசைத் தானே தருவதாகவும் சொல்கிறார். "கமராவோடு திரிகிற பிள்ளையை நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்" என்பது அம்மாவின் கவலை. இதே கேள்வி வேறு வீடுகளிலிருந்தும் எனக்கு வருவதால், அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் யாரென்று தெரியாதபடி பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆறுதல் அவ்வளவுதான், இனி எழுதப் போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது.

முதலில் காசு. பெரியப்பா முதல் வருடத்துக்குத் தருகிறார். இரண்டாம், மூன்றாம் வருடங்களுக்கு யார் தருகிறார்கள்? இந்தப் படிப்புக்கு இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். இங்கே படிப்பிக்கிற நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், அங்கே பல்கலைக்கழகத்துக்குப் பதிவும் பரீட்சையும் பவுணில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய்க்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வருடம் இடையில் நின்ற பிள்ளைகளின் பெற்றோர் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை, ரூபாயில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கான முழுத் தொகையும், நாணயம் இறங்கினால் தாங்குவதற்கு ஒரு மேலதிகமும், கடனில்லாமல் கையில் இருந்தால் பேசலாம். வீட்டு உறுதியை வங்கியில் வைத்துத்தான் இரண்டாம் வருடம் என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது, பெரியப்பா சொல்லாத ஒரு விஷயம். அந்தப் பட்டம் கிடைத்த அன்றைக்கு மகள் சட்டத்தரணி ஆகிவிட மாட்டாள். அதற்குப் பிறகும் புதுக்கடையில் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள் இருக்கின்றன, ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் தொழிற்பயிற்சி இருக்கிறது, பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகும் வருமானம் நிலைக்கச் சில வருடம் எடுக்கும். கல்யாண அட்டையில் பெயருக்கு முன்னால் போடலாம் என்பதற்காக இவ்வளவு தூரம் போகலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, இரண்டாம் தடவை உயர்தரம், ஆசிரியர் கல்லூரி, வங்கி வேலை, இவற்றையெல்லாம் உங்கள் ஒழுங்கையில் இருக்கிற எந்த ரியூட்டரி ஆசிரியரும் சொல்லித் தருவார், நான் அதற்குள் போகவில்லை.

எனக்குப் பேச வேண்டியது மகள் செய்கிற வேலையைப் பற்றி. அதை நீங்கள் "கமரா" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அவற்றில் கமரா வேலை சுமார்தான், சில இடத்தில் காலி வீதி பஸ் சத்தம் பேச்சை விழுங்குகிறது. ஆனால் எழுத்து அருமையாக இருக்கிறது, அதைத்தான் நான் கவனித்தேன்.

புறக்கோட்டைக் கடைப் பெண்களுக்கான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்க முதலாளியின் காசு, தொழிலாளியிடம் வெட்டக் கூடாது. 1958இலும் 1980இலும் வந்த சட்டங்கள்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் மகளின் படம் சட்டத்தில் தொடங்கவில்லை. சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண், வெட்டின காசு உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் தொடங்குகிறது. எங்கே போய்ப் பார்ப்பது, நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்கு என்னென்ன கடதாசி கொண்டு போவது, சிங்களம் தெரியாவிட்டால் என்ன செய்வது, முறைப்பாடு செய்தால் வேலை போகுமா. சனம் கேட்கிறது இதைத்தான். "எனது உரிமைகள் யாவை" என்று எந்த மனுசியும் வந்து கேட்பதில்லை.

(அந்தப் படத்துக்குப் பிறகு அப்பாவின் புடவைக் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று மகள் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டாள், அதிலிருந்துதான் அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று சொன்னீர்களே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொல்வது நல்லது.)

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு தொழில் என்பதே பலருக்குத் தெரியாது. இரண்டு நிமிடப் படத்துக்கு எழுத்து ஒரு பக்கம் கூட வராது. ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதச் சட்டத்தின் பிரிவைப் படிக்க வேண்டும், களத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டும், பிறகு சட்டத்தரணி ஒருவர் வரிவரியாகப் பார்ப்பார். "கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்" என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், சாதாரண குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது சரியும்தான். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட ஒருவரின் வீட்டில் அந்தப் படத்தை நம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அங்கே தடுப்புக் காவல் விதிகளே வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் படம் பொய், முழுக்கச் சொன்னால் இரண்டு நிமிடம் போதாது. இந்த இடத்தில் எதை வைப்பது, எதை இன்னொரு படத்துக்குத் தள்ளுவது என்று முடிவெடுக்கிற மூளைதான் இந்தத் தொழில். கமராவை யாரும் பழகிக்கொள்ளலாம்.

அப்புறம் ஆட்களின் சம்மதம். வீட்டு வன்முறைச் சட்டம், அதாவது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம், பற்றிப் படம் எடுக்கும்போது முகத்தை மறைத்தால் போதாது. கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வீட்டுப் படலையின் நிறமும் பின்னால் கேட்கிற கோயில் மணியும் போதும், அக்கம்பக்கம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் நடிகையை வைத்து எடுப்பதா, குரலை மட்டும் எடுப்பதா, அந்தப் பெண் நாளைக்கு வேண்டாமென்றால் படத்தை எடுத்துவிட எழுத்தில் ஒப்புக்கொள்வதா என்றெல்லாம் முன்கூட்டியே பேச வேண்டும். கடைசியில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுகூட ஒரு முடிவு, எழுதிக்கொள்ள நேரம் வேண்டுமே. பெரும்பாலானவர்கள் வாட்ஸ்அப்பில், பஸ்ஸில், சத்தமில்லாமல் பார்க்கிறார்கள், ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், படம் செங்குத்தாக இருக்க வேண்டும், டேட்டாவைத் தின்னக் கூடாது. முடித்த பிறகு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் நாலு பேரிடம் போட்டுக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். விளங்காவிட்டால் திரும்ப எழுத வேண்டும். பிறகு சட்டம் மாறினால் பழைய படத்தை எடுத்துவிட வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது, அதற்கு முன் எடுத்த படம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் அது கேடுதான் செய்யும்.

இதற்குத் தேவை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். உங்கள் போனிலேயே தமிழில் "தகவல் உரிமை" என்று யூடியூப்பில் தேடிப் பாருங்கள். வந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள். நன்றாகத்தான் விளங்கப்படுத்துகிறார்கள், ஆனால் அது இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 30 நாள் கணக்கு. எங்களுடையது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதுளையில் இருக்கிற ஒருவர் அங்கத்தைய காணொளியைப் பார்த்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதை மலையகத்துத் தமிழிலும் மட்டக்களப்புத் தமிழிலும் கேட்கிற மாதிரிச் சொல்ல ஆட்கள் வேண்டும். இப்போது கிடைப்பதில் நிறைய, சிங்களத்தில் எடுத்துவிட்டுக் கடைசியில் தமிழ்க் குரலை ஒட்டினவை. வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறை பெரும்பாலும் திட்டப் பணத்தில் ஓடுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இங்கேயும் பல திட்டங்கள் அப்படியே நின்றன. ஆகவே ஒரே நிறுவனத்தை நம்பி இருக்க முடியாது. மகள் கையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓரளவு எழுதும் திறன், தானே படத்தொகுப்புச் செய்யும் பழக்கம், சட்டத்தை ஆதாரத்தோடு வாசிக்கும் பழக்கம். சிங்களம் அவளுக்குக் குறைவு என்றீர்கள். பெரியப்பா காசு தரத்தான் ஆசைப்படுகிறார் என்றால் சிங்கள வகுப்புக்குத் தரச் சொல்லுங்கள், பவுணில் கட்ட வேண்டியதில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கை இதழியல் கல்லூரியின் ஒரு வருட டிப்ளோமா தமிழிலும் நடக்கிறது, செய்தி சேகரிப்பும் ஒலி-ஒளி வேலையும் முறையாகப் பழக அது போதும். சட்டத்தில் பட்டம் எடுக்கும் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே எல்.எல்.பி. படிக்கலாம். அப்போது அவள் வகுப்பில் உட்காரும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஒரு முகம் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மகளோடும் கறாராகத்தான் இருப்பேன். பிடித்திருக்கிறது என்று சொல்வது மட்டும் எனக்குப் போதாது. தன் பெயர் திரையில் வருவது பிடித்திருக்கிறதா, அல்லது சட்டத்தரணி சிவப்புப் பேனையால் வெட்டின எழுத்தோடு இரவு திரும்ப உட்காருவது பிடித்திருக்கிறதா? நீங்கள் சொன்னதில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: கைது பற்றிய ஒரு படத்துக்காகச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைத் தேடி எடுத்து, சிங்களப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க மேல்மாடி அங்கிளிடம் போனாள் என்றீர்கள். யாரும் சொல்லாமல் செய்திருக்கிறாள். நான் நம்புவது இதைத்தான், அவள் வாயால் சொல்வதைவிட.

அந்த நிறுவனத்தையும் கேள்வி கேட்க வேண்டும். தொழிலாளர் உரிமைக்குப் படம் எடுக்கிறவர்கள் பயிலுநரைச் சும்மா வேலை வாங்குவது நல்ல பகிடி. போக்குவரத்துக் காசும் மதியச் சாப்பாடுமாவது தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் ஒரு நாளும் வேண்டாம். அவள் எழுதின படத்தில் அவள் பெயர் வர வேண்டும், வேலையை விவரித்து ஒரு கடிதம் வேண்டும். வெளியூர்ப் படப்பிடிப்பு என்றால் யார் கூட வருகிறார்கள், இரவு எங்கே தங்குகிறார்கள் என்று நீங்கள் கேளுங்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் கமராவை எடுக்கக் கூடாது, பொலிஸ் நிலையத்துக்கு வெளியே எடுக்கும்போதும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இணையத்தில் பொய்யான கூற்றுகளைப் போட்டால் தண்டிக்கிற, 2024இல் வந்த இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. படத்தை யார் பெயரில் பதிவேற்றுகிறார்கள், பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். பயிலுநரின் சொந்தக் கணக்கில் ஒன்றும் போகக் கூடாது.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேசவிட வேண்டாம். நன்றியைச் சொல்லிவிட்டு, மூன்று வருடத்துக்கான முழுத் தொகையையும் அவருக்கு எழுதி அனுப்புங்கள். அந்தத் தனியார் நிறுவனம் இந்த மாத முடிவுக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறது என்றீர்கள். கட்ட வேண்டாம். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்ததும், மகள் எழுதின படங்களின் எழுத்துப் பிரதிகளோடு இரண்டு பேருமாக வாருங்கள், காணொளி வேண்டாம், அந்தச் சிவப்புக் கோடு போட்ட பிரதிகள்தான் வேண்டும். அப்பாவுக்கும் நேரம் இருந்தால் வரட்டும்.