ஐ.டி. வேலையில் களைத்துப்போனவர்கள் ஏன் தச்சு வேலை, தோட்டம், அலைச்சறுக்கு என்று கிளம்பிவிடுகிறார்கள்?

"திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது" என்றுதான் பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். கொழும்பில் மென்பொருள் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மொறட்டுவையில் ஒரு தளபாடப் பட்டறைக்குப் போகிறவன் நான். அங்கே என்னைப்போல வருகிறவர்கள் இரவிரவாக யூடியூபில் உளி தீட்டும் வீடியோ பார்க்கிற ஆட்கள். திரையோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

வேலைக்கு ஒரு முடிவு இல்லை, அதுதான் பிரச்சினை. நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. நாங்கள் கணினியை மூடப்போகும் நேரம் பார்த்து அங்கே ஒரு வாடிக்கையாளர் "ஒரு சின்ன மாற்றம்" என்று தொடங்குவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போய்விட, அவர்கள் விட்டுப்போனதும் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. மாதக்கணக்காக எழுதியதை ஒருவரும் பாவிக்காமலே தூக்கிப் போடுவார்கள். நன்றாகச் செய்தோமா என்பதுகூட வருட முடிவில் மேலாளர் படிவம் நிரப்பினால்தான் தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த வேலைச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. 2019இல் ஏற்கப்பட்ட அதன் வகைப்பாட்டில் இது வேலையோடு வரும் ஒரு நிலை. அடையாளம் மூன்று: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையில் வெறுப்புத் தட்டுவது, என்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். முதலாவதுக்கு லீவு போட்டுத் தூங்கலாம். மூன்றாவது தூங்கினால் போகாது. கைவேலை பிடிப்பது அந்த இடத்தில்தான்.

பட்டறையில் பாஸ் (தச்சு மேஸ்திரி) முதலில் தந்த வேலை ஒரு பலகையின் ஓரத்தைச் சதுரமாகச் சீவுவது. சீவிவிட்டு, செங்கோணம் பார்க்கும் இரும்பு மூலைமட்டத்தை வைத்து யன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் கீறாகத் தெரிந்தால் பிழை, தெரியாவிட்டால் சரி. அதைப் பற்றிக் கூட்டம் போட ஒன்றும் இல்லை. நார் ஓடும் திசைக்கு எதிராகச் சீவினால் மரம் அந்த நொடியிலேயே பிய்ந்து காட்டிவிடும். சரியாக வந்த ஓரத்தை அடுத்த கிழமை வந்து மாற்றச் சொல்ல எந்த வாடிக்கையாளரும் இல்லை.

சொன்னென்டாக், ஃபிரிட்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2007இல், வேலைக்குப் பிறகு மனம் தேறும் வழிகளை நான்காகப் பிரித்தார்கள்: வேலை நினைப்பு அறுவது, தளர்ந்து இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, அந்த நேரம் நம் கையில் இருப்பது. சீரியல் பார்த்தால் இரண்டாவது கிடைக்கும். உளி பிடித்தால் முதலாவது தானாக வரும், ஏனென்றால் கவனம் சிதறினால் விரல் போய்விடும். அறுகம் குடாவில் அலைக்குக் காத்திருக்கிறவனுக்கும் இதுதான் கதை.

அதற்காக இதை மருந்தாக்க வேண்டாம். இரவு அழைப்புகள் அப்படியேதான் இருக்கும். அவற்றைக் குறைக்க அலுவலகத்தில்தான் கதைக்க வேண்டும். அப்புறம், எங்களுக்கு இது இனிப்பதற்கு ஒரு காரணம் இதில் எங்கள் சோறு இல்லை என்பது. பாஸுக்கு இருக்கிறது. கலியாண வீட்டுக்காரர் கட்டிலைக் கேட்டு மணிக்கு ஒரு தடவை போன் அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எங்கள் அலுவலகம்போலவே இருக்கும். (நண்பர்கள் "விற்கலாமே மச்சான்" என்று சொன்னால் காது கேளாததுபோல இருங்கள்.)

தொடங்க நினைத்தால் கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கைவாள், ஓர் உளி, மூலைமட்டம், தீட்டுகல் போதும். மெஷின் வாங்கும் ஆசையை ஒத்திப்போடுங்கள். வெள்ளவத்தை மாடிவீட்டில் அதைப் போட்டால் மேல்வீட்டு அன்ரி கதவைத் தட்ட ஐந்து நிமிஷம் ஆகாது.