ரெயிட் கார்டும் வேண்டாம், யாரோ ஓட்டிக் களைத்த டிஸ்க்கும் வேண்டாம்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறேன். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஆறு வருடத்துப் படமும் வீடியோவும் கிடக்கின்றன. அதே அளவில் இன்னொன்று வாங்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி செய்ய விருப்பம். அதற்கு 'ரெயிட் கார்ட்' (பல டிஸ்க்கை ஒன்றாக இயக்கும் அட்டை) கட்டாயம், இல்லாவிட்டால் ஒருநாள் எல்லாம் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள். கார்டின் விலையோ டிஸ்க்கை விடக் கூட. என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 ஹோம். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொன்றுக்கு அது தேவைப்படும்.

நீங்கள் கேட்கும் வேலையை விண்டோஸே செய்யும். 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெயிட் (RAID) பற்றி எழுதியபோது, அந்தப் பெயரில் இருந்த 'ஐ' எழுத்துக்கு அர்த்தம் 'விலை குறைந்த' என்பதுதான். விற்பவர்கள் பிறகு அதை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று உங்கள் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். இன்னொன்று: கார்ட் பழுதானால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். விண்டோஸில் செய்த ஜோடியைக் கழற்றி, அதே பதிப்போ புதிய பதிப்போ உள்ள வேறு விண்டோஸ் கொம்பியூட்டரில் பூட்டினால் அப்படியே திறக்கும்.

சிலர் விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக 'மிரர்' (ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதுவது) செய்யச் சொல்வார்கள். உங்கள் ஹோம் பதிப்பில் அது வராது. வரவில்லை என்றதும் "புரோ போட்டுத் தாறன்" என்று ஒருவர் வருவார், அவருக்கும் காசு கொடுக்க வேண்டாம். கன்ட்ரோல் பெனலில் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று ஒன்று உண்டு, அது ஹோமிலும் இருக்கிறது. அதில் இரண்டு டிஸ்க்கையும் தெரிவு செய்து 'டூ-வே மிரர்' என்பதைக் கொடுங்கள். 'சிம்பிள்' என்று ஒன்று பக்கத்திலேயே நிற்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போகும். மிச்சத் தெரிவுகள் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு டிஸ்க்குக்குக் காசு கொடுத்தும் ஏறத்தாழ 3.6 டெராபைட்தான் காட்டும். அதுதான் கணக்கு, யாரும் திருடவில்லை.

இங்கே கவனம். பூல் (இரண்டு டிஸ்க்கையும் சேர்த்த தொகுப்பு) உருவாக்கும்போது இரண்டு டிஸ்க்கிலும் உள்ளது எல்லாம் அழியும். ஆறு வருடத்துப் படம் இருக்கும் டிஸ்க்கை அப்படியே உள்ளே சேர்த்தால், ஒரு கிளிக்கில் உங்கள் தொழில் முடிந்தது. ஆகவே மூன்றாவது டிஸ்க் ஒன்று வேண்டும். கார்டுக்கு வைத்த காசு இதற்குத்தான். முதலில் எல்லாவற்றையும் அதில் கொப்பி செய்து, பத்துப் பதினைந்து வீடியோவைத் திறந்து பார்த்து, அப்புறம்தான் பூல். வேலை முடிந்தபின் அந்த மூன்றாவதைக் கடையில் வைக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உதவியாளர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மிரர் அதை இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துவிடும். மின்னலும் வெள்ளமும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகும். கடலோர எழுவான்கரையில் இருக்கும் உங்களுக்கு 2004 டிசம்பரை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

இனி டிஸ்க். எனக்குக் கோபம் வரும் இடம் இது. ஊரில் 'புதுசு' என்று விற்கப்படுவதில் ஒரு பங்கு, கமரா ரெக்கோர்டருக்குள் வருடக்கணக்காக இரவு பகலாக ஓடிவிட்டு, துடைத்துப் பையில் போடப்பட்டது. ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760 மணித்தியாலம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'பவர் ஒன் அவர்ஸ்' (டிஸ்க் இதுவரை ஓடிய மணித்தியாலம்) என்று ஒரு வரி வரும். கடையிலேயே, காசு கொடுக்க முன், பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றை, இரட்டை இலக்கம் என்றால் சரி. பன்னிரண்டாயிரம், முப்பதாயிரம் என்றால் மரியாதையாக எழும்பி வாருங்கள். அந்த எண்ணையும் பூச்சியமாக்கலாம் என்பது வேறு கதை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியிலேயே அப்படி மாற்றிய டிஸ்க்குகள் புதிது என்று விற்கப்பட்டது வெளியானது. அதனால் பில்லில் சீரியல் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். வாரண்டிக் கதை உங்களுக்குத் தெரியாததா? கடைக்காரர் இறக்குமதிக்காரரைக் காட்டுவார், இறக்குமதிக்காரர் ஸ்டிக்கரைக் காட்டுவார், டிஸ்க் கொழும்புக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வேறு யாருடையதோ திரும்பி வரும். எனக்கே இப்படி நடந்திருக்கிறது. வந்த டிஸ்க்கில் யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா முழுதாக இருந்தது. உங்கள் வாடிக்கையாளர் படம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், அதையும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. இதை எத்தனை தரம் சொன்னாலும் ஸ்டூடியோக்காரர் கேட்பதில்லை, ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். இந்த மிரர் உங்கள் சி டிரைவைக் காப்பாற்றாது. விண்டோஸ் இந்தப் பூலில் இருந்து பூட் ஆகாது. விண்டோஸ் இருப்பது தனி எஸ்எஸ்டியில், அது தனியாகத்தான் நிற்கும். டெஸ்க்டொப் என்று நீங்கள் பார்க்கும் இடம் சி டிரைவுக்குள் இருக்கிறது. டொக்கியுமன்ட்ஸும் அப்படியே. போன கிழமை எடுத்த கல்யாணத்தை 'பிறகு மாற்றலாம்' என்று டெஸ்க்டொப்பில் போட்டு வைத்தால், மிரர் இருந்தும் அந்தக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். அல்பம் வடிவமைத்த ஃபைலும் அங்கேதான் கிடக்கும். டெஸ்க்டொப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் 'லொக்கேஷன்' என்பதற்குப் போய், புது மிரர் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். டொக்கியுமன்ட்ஸையும் அப்படியே மாற்றுங்கள். இனி இந்த இரண்டில் எதில் சேமித்தாலும் மிரரில்தான் போகும். மாற்றாமல் விட்டுவிட்டு, எஸ்எஸ்டி போனபிறகு என்னிடம் "மிரர் வேலை செய்யேல்லை" என்று சொல்ல வேண்டாம்.

கடைசியாக, ஒரு டிஸ்க் செத்தால் கொம்பியூட்டர் நிற்காது. வழக்கம் போல் ஓடும், மூலையில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். அதை மூடிவிட்டு ஆறு மாதம் ஒற்றை டிஸ்க்கில் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: கொம்பியூட்டரை முழுதாக நிறுத்தி, ஒரு டிஸ்க்கின் வயரைக் கழற்றி, அப்படியே கொம்பியூட்டரை மறுபடி ஓன் பண்ணுங்கள். படங்கள் திறக்க வேண்டும், எச்சரிக்கையும் வர வேண்டும். பிறகு நிறுத்தி, வயரைப் பூட்டி, இரண்டும் சமமாகும் வரை விடுங்கள். இதை முகூர்த்த மாதத்தில் செய்ய வேண்டாம். மார்கழியில் உங்களுக்கு வேலை குறைவு. காத்தான்குடிப் பக்க முஸ்லிம் கல்யாண ஓடர் ஏதும் இருந்தால் அதையும் முடித்துக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.