ப்ரெண்ட்ஸ் லிஸ்ட் ஃபுல்லா சிவப்பு (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணே. நான் பட்டர்வொர்த், வயசு 34, பேரு போட வேணாம். போன மாசம் என் பழைய ரூன்ஸ்கேப் (ஆன்லைன் கேம்) அக்கவுண்ட்ட ஒருவழியா மீட்டு உள்ள போனேன். ப்ரெண்ட்ஸ் லிஸ்ட் ஃபுல்லா சிவப்பு, ஒருத்தர் கூட ஆன்லைன்ல இல்ல. ஃபாரம் த்ரீ, ஃபாரம் ஃபோர் படிக்கறப்ப தினமும் பேசுன ஆளுங்க, பாதி பேரோட நெஜப் பேரு கூட எனக்குத் தெரியாது. சரின்னு அதோட பழைய வெர்ஷன் ஓல்ட் ஸ்கூல்ல புதுசா ஆரம்பிச்சு, கேம்ல இருக்குற டிரேனர் ஊரு வில்லோ மரத்துக்கிட்ட நின்னு ஹாய் சொன்னேன், யாரும் கண்டுக்கல. கேமையும் கெடுத்துட்டாங்க, ஆளுங்களும் மாறிட்டாங்க. வீட்ல சொன்னா வைஃப் சிரிக்கிறா. இதெல்லாம் நட்பா, இல்ல சும்மா பொழுதுபோக்கா அண்ணே?

*

தம்பி,

வீட்ல சிரிச்சா சிரிக்கட்டும் விடுங்க, எங்க வீட்லயும் அப்படித்தான்.

கேம கெடுத்துட்டாங்கன்னு சொல்றத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 2013 பிப்ரவரில ஓல்ட் ஸ்கூல தொறந்தப்ப கேம் கம்பெனி ஜாகெக்ஸ் காரங்க எடுத்தது 2007 ஆகஸ்ட் மாசத்து பேக்கப். நீங்க நின்ன அந்த வில்லோ மரம், பக்கத்துல பேங்க், எல்லாம் அப்படியேதான் இருக்கு. அதுக்கப்புறம் சேத்த புது விஷயம் பெரும்பாலும் ஆடுறவங்ககிட்ட ஓட்டு வச்சு பாஸ் ஆனதுதான். அதுவும் ஏன் 2007னு பாருங்க, அந்த வருஷக் கடைசியும் அடுத்த வருஷ ஆரம்பமுமாத்தான் நெஜக் காசுக்கு கேம் கோல்டு விக்கிறவங்கள ஒழிக்கிறோம்னு ட்ரேட்ல கைய வச்சாங்க. ஒரு கூட்டாளிக்கு நல்ல கவசம் ஒண்ண சும்மா தூக்கிக் குடுக்கணும்னா கூட முடியாமப் போச்சு, அந்தத் தடைய எடுக்க 2011 ஆயிருச்சு. நெறைய பேரு அந்த நேரத்துலதான் கேம விட்டுட்டுப் போனாங்க, உங்க லிஸ்ட்ல இருக்கறவங்கள்ல சில பேரும் அப்பப் போனவங்களா இருக்கலாம்.

ஆளுங்க மாறிட்டாங்கன்னு சொல்றீங்களே, அதுல எனக்கு வேற கணக்கு இருக்கு. அந்த கேம் செம போர் தம்பி, நெஜமாத்தான் சொல்றேன். மரத்த ஒரு தடவ கிளிக் பண்ணா நம்ம கேரக்டர் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருப்பான், நமக்கு வேலையே இல்ல. லெவல் 99 எடுக்க 13 மில்லியன் எக்ஸ்பீ (அனுபவப் புள்ளி) வேணும், அதுல பாதி வர்றது எந்த லெவல்ல தெரியும்ல, 92ல! அந்த மாதிரி இழுத்தடிக்கிற எடத்துல ஸ்க்ரீன்ல வேற ஒண்ணும் ஓடாது, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட பேசித்தான் ஆகணும். "லெவல் எத்தன"ல ஆரம்பிச்சு அவன் அப்பா அம்மா சண்ட வரைக்கும் வந்துரும். இப்ப அதே மரத்துல நிக்கிறவன் கையில இன்னொரு போன் இருக்கு, இல்லன்னா பக்கத்து ஸ்க்ரீன்ல படம் ஓடுது. உங்க ஹாய அவன் பாத்திருக்கவே மாட்டான். திமிர்லாம் ஒண்ணும் இல்ல.

நம்ம மலேசியா நேரத்துக்கு ஒரு தனி ருசி இருந்துச்சு. ஸ்கூல் விட்டு மூணு மணிக்கு உள்ள போனா இங்கிலாந்துக்காரன் அப்பத்தான் பசியாறிட்டு ஸ்கூலுக்கு கெளம்புவான், அதனால நமக்கு மாட்டுறதெல்லாம் ஆஸ்திரேலியா பசங்க. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வெள்ளக்காரப் பசங்க ஸ்கூல் முடிஞ்சு வந்து சேருவாங்க, நம்ம வீட்ல அந்நேரம் தூங்குடான்னு அம்மா கத்திக்கிட்டு இருப்பாங்க.

இப்ப நெஜப் பேரு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு உறுத்துனது அதுதான். பேரு தெரியலங்கறதுக்காக அது நட்பு இல்லன்னு ஆயிருமா? போன் நம்பர், மெயில், அட்ரஸ், எதையும் கேக்கவும் கூடாது குடுக்கவும் கூடாதுன்னு கேம்லயே ரூல் இருந்துச்சு, ரிப்போர்ட் பண்ணா அக்கவுண்ட்டுக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைங்க ஆடுற எடம், அந்த ரூல் நியாயந்தான், நானே ஒரு பிள்ளைக்கு அப்பன் இப்ப, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தன் லாக்-அவுட் பண்ணிட்டு திரும்ப வரலன்னா அவனப் பிடிக்க ஒரு வழியும் இல்லாமப் போனதும் அதனாலதான். ரூல மீறி எம்எஸ்என் சாட் ஐடி மாத்திக்கிட்டவங்க தப்பிச்சாங்க, அந்த எம்எஸ்என்னையும் 2013ல மூடிட்டாங்க.

எனக்கு தங்குன நட்பு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் ஆயர் ஈத்தாம் சிசி (சைபர் கஃபே) புண்ணியத்துல. யூனிஃபார்மோட உள்ள விடமாட்டார் கடை தவுக்கே (முதலாளி), அதனால பைக்குள்ள எப்பவும் ஒரு டீ-ஷர்ட் கெடக்கும். அப்பல்லாம் ரூன்ஸ்கேப்ப இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல, ப்ரௌசர்லயே ஓடும், கடைசி மூலைல இருக்குற ஓட்ட கம்ப்யூட்டர் கூட போதும். ஒருநாள் யூ மரம் வெட்டிக்கிட்டே ஒருத்தன்கிட்ட ரொம்ப நேரமா கதையடிச்சுக்கிட்டு இருக்கேன், நான் டைப் பண்ணது என் ஆளு தலைக்கு மேல மஞ்சளா வருது, அதே வரி அதே நேரத்துல பக்கத்து சீட்டு ஸ்க்ரீன்லயும் வருது. திரும்பிப் பாத்தா ஒரு சீனப் பையன், மைலோ ஐஸ் உறிஞ்சிக்கிட்டு. "நீயா லா அது"ன்னு ரெண்டு பேரும் கத்துன கத்துல தவுக்கே எந்திரிச்சு வந்துட்டார். இப்ப அவன் சிங்கப்பூர்ல இருக்கான், சீனப் பெருநாளுக்கு வந்தா மாமாக் கடைல உக்காந்துருவோம், அவன் போன்ல என் பேரு இன்னும் அந்த கேம் பேருதான். கல்யாணத்துல என்னைய மொய் எழுதுற மேசைல உக்கார வச்சான், சீனமும் தெரியாம நான் பட்ட பாடு தனிக் கதை.

நீங்க பண்ண வேண்டியது, அந்த சிவப்புப் பேரையெல்லாம் அழிக்காம ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அந்த வயசுல எல்லாருமே ஒரே புனைபேரத்தான் எல்லா எடத்துலயும் வச்சிருப்போம், இன்ஸ்டால, ஸ்டீம்ல, டிஸ்கார்ட்ல அதே பேர போட்டுத் தேடிப் பாருங்க. கெடச்சா மரத்தப் பத்தி ஆரம்பிங்க, எடுத்ததும் வேல, சம்பளம்னு கேட்டுத் தொலைக்காதீங்க. பாதி பேரு பதில் போட மாட்டாங்க, மனசு விடாதீங்க. அப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு அக்கவுண்ட் தொறந்து குடுங்க, 2021லேர்ந்து குரூப் அயர்ன்மேன்னு கூட்டாளிங்களா சேந்து ஆடுற முறை இருக்கு, ரெண்டு பேரு இருந்தாலே போதும், யாரு யாரப் பாத்து சிரிக்கிறாங்கன்னு அப்பப் பாக்கலாம்.

என் கேம் பேர உங்க மெயிலுக்கு அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழம ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வருவேன், பிள்ள தூங்கணும்.