பற்று, வரவு, இலாபம்: வணிகவியல் படிப்பவர்களின் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் அடிக்கடி வருகிற கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளும். அந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிப் பாடம் தீர்ந்த மாதிரி.

கேள்வி: மேடம், ரொக்கம் உள்ளே வந்தால் பற்று என்று படிக்கிறோம். ஆனால் வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கில் வரவு என்று அச்சாகிறது. எது சரி?

இரண்டும் சரிதான்மா. பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) என்பவை கணக்கின் இரண்டு பக்கங்கள். பாஸ்புக் உன் ஏடு இல்லை, வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்த நகல். நீ 5,000 போட்டதும் அந்தத் தொகையை வங்கி உனக்குத் தரவேண்டியதாகிறது. அதன் பார்வையில் நீ கடனீந்தவர், அதனால் வரவு. உன் ஏட்டில் எழுதினால் அதே 5,000 உனக்கு வரவேண்டிய சொத்து. வங்கிக் கணக்கில் பற்று, கையிலிருந்து போனதால் ரொக்கக் கணக்கில் வரவு. நடவடிக்கை ஒன்றுதான், எழுதுகிற ஆள் வேறு.

உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு என்பது சொத்துக் கணக்குக்கு மட்டும் உரிய விதி. ஆட்கள், நிறுவனங்கள் பெயரில் வைக்கும் ஆள்சார் கணக்கில் பெறுபவர் பற்று, தருபவர் வரவு. பெயரளவுக் கணக்கில் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட ‘முதல்’ (உரிமையாளர் தொழிலில் போட்ட பணம்) என்ற ஓர் இடத்தில் தடுமாறுகிறார்கள். உரிமையாளர் போட்ட பணம் அவருடையதுதானே, அது எப்படி வரவு ஆகும்? இந்த ஏட்டை எழுதுவது தொழில், உரிமையாளர் இல்லை. தொழிலைப் பொறுத்தவரை அவரும் பணம் தந்த ஒரு வெளியாள். தந்தவரை வரவு வைக்கிறோம், அவ்வளவுதான். சொந்தச் செலவுக்கு அவர் எடுத்துக்கொண்டால் எடுப்புகள் கணக்கில் பற்று. குறிப்பேட்டில், அதாவது நடவடிக்கைகளை முதலில் எழுதும் ஏட்டில், பதிவதற்கு முன்னால் ‘இது யாருடைய ஏடு?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்.

கேள்வி: என் மகனுக்குக் கணிதம் சுமார்தான். இந்தப் பாடப்பிரிவில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம் இவை தடுமாறாமல் வந்தால் பள்ளி அளவில் போதும். ஆனால் கணிதம் வராது என்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டாம். ஒரு நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, ஏன் மூடுகிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: இருப்பாய்வு சரியாக வந்துவிட்டால் கணக்கில் பிழை இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. எல்லாக் கணக்குகளின் பற்று மீதிகளையும் வரவு மீதிகளையும் தனித்தனியே கூட்டி, சமமா என்று பார்ப்பதுதான் இருப்பாய்வு. ஒரு நடவடிக்கையைப் பதியாமலே விட்டிருந்தாலும் இருபுறமும் சமமாக வரும். வாங்கிய இயந்திரத்தைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் வரும். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டினாலும் வரும்.

வராதபோது என்ன செய்வது? வித்தியாசம் 540 என்று வை. அதை 9-ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபடுகிறது. இலக்கங்களை இடம் மாற்றி, 4,820-ஐ 4,280 என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் 2-ஆல் வகு, 270. பற்றில் வரவேண்டிய 270 வரவில் ஏறியிருந்தாலும் வித்தியாசம் 540 ஆகும். இரண்டையும் தேடிவிட்டு, அதற்குப் பிறகு, வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கைப் பற்றி யோசிக்கலாம். தேடாமல் நேரே அனாமத்தில் தள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

கேள்வி: இலாபம் வந்த நிறுவனத்திடம் கையில் பணம் இல்லாமல் போகுமா?

போகும். இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 60,000 ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கி, முழுவதையும் 90,000-க்குக் கடனுக்கு விற்றாயிற்று. இலாபம் 30,000. கையிலிருந்தோ 60,000 போய்விட்டது, திரும்ப ஒரு காசும் வரவில்லை. விற்ற அன்றே வருமானத்தைப் பதிகிறோம், பணம் வருகிற நாள் வேறு. கடனாளிகள் இழுத்தடித்தால், இலாபம் காட்டுகிற நிறுவனமே சம்பளம் போட முடியாமல் திணறும்.

தேய்மானத்தில், அதாவது பயன்பாட்டால் சொத்தின் மதிப்பு குறைவதைச் செலவாக எழுதுவதில், இதுவே தலைகீழ். 50,000-க்கு வாங்கிய இயந்திரம் 5 ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு எதுவும் மிஞ்சாது என்றால், ஆண்டுதோறும் ஒரே அளவு கழிக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 10,000 தேய்மானம். இலாபம் அந்த அளவுக்குக் குறையும், ஆனால் அந்த ஆண்டில் அதற்காக ரொக்கம் வெளியே போவதில்லை.

கேள்வி: கருத்தியல் பகுதி மனதில் நிற்பதில்லை. நிறுமம் ‘சட்டத்தின் முன் தனி ஆள்’ என்றால் என்ன?

நிறுமம் என்பது கம்பெனி. ஒரு வழக்கோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். ஆரோன் சாலமன் என்பவர் இங்கிலாந்தில் காலணித் தொழில் செய்தவர். தன் தொழிலை நிறுமமாக மாற்றினார். மொத்தப் பங்குகள் 20,007, அதில் 20,001 அவருடையவை. மனைவிக்கும் 5 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. நிறுமம் நொடித்தபோது, அதன் கடனை அவர்தான் கட்ட வேண்டும் என்று வழக்கு நடந்தது. 1896-இல், அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நிறுமம் வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் ஒருவர் கையில் இருந்தும் இப்படி. தனி ஆள் தன்மை, வரையறுக்கப்பட்ட பொறுப்பு இரண்டும் இந்த ஒரு வழக்கிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் லூகா பாசியோலிதானே?

ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதுவதுதான் இந்த முறை. இத்தாலியக் கணித அறிஞரான அவர் 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் அதை விளக்கி எழுதினார். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே அப்படித்தான் கணக்கு எழுதி வந்தார்கள்.

கேள்வி: எல்லாம் மென்பொருளே செய்கிறதே, கையால் குறிப்பேடு எழுதிப் பழகுவது எதற்கு?

கூட்டுவதும், கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டில் ஏற்றுவதும் அதன் வேலை. எந்தத் தலைப்பில் போடுவது என்பது பெரும்பாலும் நம் முடிவு. இயந்திரத்தைப் பழுதுபார்த்த கூலி அந்த ஆண்டின் இலாபத்தில் கழிக்கிற வருவாயினச் செலவு, அதன் திறனைக் கூட்டும் புதிய பாகம் சொத்தின் மதிப்பில் சேர்க்கிற முதலினச் செலவு. மாற்றிப் போட்டால் அந்த ஆண்டின் இலாபமும் தப்பு, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் தப்பு. மென்பொருள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் பற்றும் வரவும் சமமாகத்தான் இருக்கும்.