கனவுருப் புனைவு (ஃபேண்டஸி) நாவலை விடத் திரைப்படம் சிறப்பாக அமைய முடியுமா?

முடியும். டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பீட்டர் ஜாக்சன் படமாக்கியதில், குறிப்பாகத் தீய மோதிரத்தை அழிக்கச் செல்லும் குழுவின் வீரனான போரோமிரின் மரணத்தில், இதைத் தெளிவாகக் காணலாம். நாவலில் அவனுடைய இறுதிப் போர் நேரடியாக விவரிக்கப்படுவதில்லை; கொம்பொலி கேட்டு ஓடிவரும், அதே குழுவைச் சேர்ந்த அரச வாரிசான அரகார்ன், அம்புகள் தைத்து மரத்தடியில் சாய்ந்திருப்பவனையே இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் காண்கிறான். 2001-இல் வெளிவந்த முதல் படமோ அந்நிகழ்வை முன்னுக்குக் கொண்டுவந்து உச்சக்கட்டமாக்கியதுடன், மோதிர ஆசையால் தவறியவன் ஹாபிட்டுகள் எனப்படும் குள்ள உருவினர் இருவரைக் காக்க அம்புகளைத் தாங்கிக்கொண்டு மீண்டும் எழுந்து போரிடுவதைக் கண்முன் நிறுத்தி, சாகும் தறுவாயில் அரகார்னைத் தன் அரசனாக ஏற்கவும் வைக்கிறது. மோதிரத்தை முன்பு வைத்திருந்த ஹாபிட்டான பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும், அதை அவரிடமிருந்து பெற்ற ஃப்ரோடோவின் புறப்பாட்டுக்கும் இடையே நாவலில் உள்ள 17 ஆண்டுகளைப் படம் சுருக்கியதும் நல்லதே. போரோமிரின் தம்பி ஃபராமிரின் குணத்தை மாற்றியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.